கஞ்சி குடித்த பூக்கள்

ஸ்கார்ஃபின் கடைசிப் பூவைக் கோர்த்து முடித்து, மடித்து, தலைமாட்டில் வைத்துக்கொண்டு அருஞ்சுனை தூங்கப் போனாளே, அங்கேதானே போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம்? இனி ஒரு குறையும் இல்லை, விடிந்தால் பஸ் ஏற வேண்டியதுதான் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வீட்டில் அழகுத்தாய் என்று ஒரு அம்மா இருப்பதை நாம் எல்லோருமே மறந்துபோனோம்!

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கும் சங்கரபாண்டியனின் ஒரே மகள் அருஞ்சுனை. குரோஷா ஊசியைக் கையில் கொடுத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. இன்றைக்குத் திருச்சுழியில் மாதர் சங்கப் பொருட்காட்சி. நடுவராக மதுரையிலிருந்து வரும் டீச்சர், கை தேர்ந்த பெண்களைப் பார்த்து ஒரு வருஷக் கைவேலைப் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வார். படித்து முடித்தால் அருஞ்சுனையும் ஒரு டீச்சர்!

அப்பாவோ பரளச்சியில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறார். அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து மகள் வாங்கிய வாக்கு இவ்வளவுதான்: "மொதப் பரிசு வாங்கிட்டா மதுரைக்குப் போ. இல்லேன்னா அன்னைக்கே பரளச்சிக்கு வெத்தல பாக்கு போயிரும். அப்புறம் மூக்கச் சிந்தக் கூடாது."

ஒரே ஒரு ஸ்கார்ஃப். அதில்தான் எல்லாமே இருந்தது.

காலையில் கண்ணைத் திறந்ததும் அருஞ்சுனையின் கை தலைமாட்டுக்குப் போயிற்று. அங்கே ஸ்கார்ஃப் இல்லை.

"அம்மா!"

"ஏன் கத்துற? கொல்லையில கிடக்கு, வா வந்து பாரு!" அழகுத்தாயின் குரலில் அப்படி ஒரு பெருமை.

கொல்லையில் கொடிக்கயிற்றில் ஸ்கார்ஃப் இருந்தது. தொங்கவில்லை. விறைத்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்து எடுத்தாள். மறுமுனை சரியவே இல்லை. மொத்தமும் அப்பளம் மாதிரி நீட்டிக்கொண்டு வந்தது. மெல்லிய நூலில், இதழ் இதழாக, ஊதினால் அசைகிற மாதிரி அவள் போட்ட பூக்களின் ஓட்டைகளிலெல்லாம் கஞ்சி ஏறி அடைத்திருந்தது.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"கஞ்சி போட்டேன்த்தா. நாலு பேரு கூடுற எடத்துக்குப் போற துணி. தொவண்டுபோயி தொளதொளன்னு கிடந்தா நம்ம வீட்டப் பத்தி என்ன நெனைப்பாக? உங்கப்பா வேட்டிக்குக்கூட இப்படி ஒரு கஞ்சி நான் போட்டதில்ல!"

பாவம், அந்த ஊரில் வேறென்ன செய்யத் தெரியும்? தறியில் ஏறுகிற பாவு நூலுக்குக் கஞ்சி, கடைக்குப் போகிற முதலாளி வேட்டிக்குக் கஞ்சி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் சட்டைக்குக் கஞ்சி. வெள்ளைத் துணி என்றால் மொடமொடவென்று இருக்க வேண்டும், அதுதான் மரியாதை. துவண்டு விழுவதற்காகவே ஒரு துணியை மாதக்கணக்கில் உட்கார்ந்து பின்னுவார்கள் என்று அழகுத்தாயிடம் யாரும் சொல்லவில்லை. அருஞ்சுனையும் சொல்லவில்லை.

அதுவும் அரிசிக்கு ரேஷன் கடையில் வரிசை கட்டி நிற்கிற இந்த வருஷத்தில், வீட்டில் வடிக்கிற கொஞ்சம் கஞ்சியைத்தான் அழகுத்தாய் காலையில் உப்புப் போட்டுக் குடிப்பாள். நேற்று அதைக் குடிக்க எடுத்து வைக்காமல், மகள் தூங்கியதும் ராத்திரியே பூக்களுக்கு ஊற்றியிருந்தாள். அது தெரிந்ததால் அருஞ்சுனைக்கு அம்மாவைத் திட்டவும் முடியவில்லை. துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"போச்சு! எல்லாம் போச்சு! டீச்சரு தூக்கிப் பாத்ததும் தட்டுன்னு நெனச்சு இட்லி ஊத்தப் போறாக!"

அழகுத்தாயின் முகம் செத்துப்போயிற்று. "நான் நல்லதுன்னுதானே…" என்றாள்.

அப்போதுதான் மதினி ராமலட்சுமி அடுப்படியிலிருந்து வந்தாள். அருஞ்சுனையின் அண்ணன் காளிராஜின் பெண்டாட்டி. எம்.ரெட்டியபட்டியிலிருந்து வாழ வந்தவள். வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பதுபோல் பேசாமலே இருப்பவள். ஸ்கார்ஃபை வாங்கினாள், தட்டிப் பார்த்தாள், நேரே போய் அண்டாவில் வெந்நீரை ஊற்றினாள்.

"அழுறதுக்கு பஸ்ஸுல நேரம் இருக்கு. எந்திரி" என்றாள்.

"அலசினா காயாது மதினி!"

"காயும். எந்திரி புள்ள!"

மூன்று பெண்களும் அண்டாவைச் சுற்றிக் குந்தினார்கள். கசக்கக் கூடாது, முறுக்கக் கூடாது, பிள்ளையைக் குளிப்பாட்டுவது மாதிரி தண்ணீருக்குள்ளேயே அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். தண்ணீர் பால்போல் வெளுத்தது. கொட்டினார்கள். மறுபடி ஊற்றினார்கள். அழகுத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் கஞ்சி போட்ட கைகளால் கஞ்சியை எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்து வந்தபோது ஸ்கார்ஃப் அவள் விரல் நடுவே நழுவியது.

"இம்புட்டு லேசாவா இருந்துச்சு இது?" என்றாள் ஆச்சரியமாக.

வாசலில் சங்கரபாண்டியன் குரல் கேட்டது. "ஏய், இன்னும் கிளம்பலியா? நான் லோடு ஏத்திவிட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வாரேன். பரிசு இல்லேன்னா அங்கிருந்து நேரா பரளச்சிக்குப் போறேன். வெத்தல பாக்கு வாங்கி வச்சிட்டேன்."

மனுஷர் வாக்குத் தவறாதவர்தான். இந்த மாதிரி விஷயத்தில் கொஞ்சம் தவறினால் என்ன என்று எனக்கே கோபம் வந்தது.

அம்மாவும் மதினியும் கூட ஏறியிருந்த திருச்சுழி பஸ் ஊரைத் தாண்டியதும், ஸ்கார்ஃபைச் சுற்றியிருந்த ஈரத் துண்டை அருஞ்சுனை மடியில் வைத்துப் பிரித்தாள்.

பூக்கள் சுருண்டிருந்தன. அது பரவாயில்லை, காய்ந்தால் விரியும். ஆனால் எல்லாப் பூவும் ஒரே மாதிரி சுருளவில்லை. பாதிப் பூக்கள் தளர்ந்து கிடந்தன. மீதிப் பாதி சின்னதாகக் குறுகி, குழிந்து, மொட்டுப் போல் இறுகியிருந்தன.

இங்கேதான் நமக்கும் அருஞ்சுனைக்கும் மதினிக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருக்கிறது. போன மாதம் அருஞ்சுனை காய்ச்சலில் விழுந்து கிடந்தபோது, ஊசியை எடுத்து மீதிப் பூக்களைப் போட்டது ராமலட்சுமி. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். காய்ந்த துணியாக இருந்தபோது அருஞ்சுனை இழுத்து இழுத்து எல்லாவற்றையும் ஒரே அளவாக்கியிருந்தாள். இப்போது தண்ணீர் பட்டதும் ஒவ்வொரு பூவும் தன்னைப் போட்ட கைக்குத் திரும்பிவிட்டது.

"மதினி… உங்க பூவெல்லாம்…" என்றாள் அருஞ்சுனை மெதுவாக.

"தெரியுது." ராமலட்சுமி தன் விரல்களைப் பார்த்தாள். "பருத்திச் சாக்குக்கு வாய் தைச்ச கை. இறுக்கித்தான் வரும்."

"போட்டிக்கு ஒரே ஆளு செஞ்சதுதான் கொண்டாரணும்னு சொல்லியிருக்காக மதினி."

"அப்ப வாய மூடு. மொதல்ல காய வைப்போம்."

எப்படிக் காய வைப்பது? பஸ் ஜன்னலில் பிடித்தால் ஒரு பக்கம் இழுபட்டுப் போகும். நாலா பக்கமும் சமமாக இழுத்து விரிக்க வேண்டும். முன் சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். பெயர் சைதுன் பீவி என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் புதுக் கோரைப்பாய் ஒன்றைச் சுருட்டி நிறுத்தி வைத்திருந்தார்.

"என்னம்மா அது, வல மாதிரி? ரொம்ப நல்லாருக்கே! ஈரத்தோட ஏன் வச்சிருக்கிய?"

அழகுத்தாய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கஞ்சி ஊற்றியதிலிருந்து பரளச்சி வெற்றிலை வரைக்கும் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்லித் தீர்த்தாள். சொல்லி முடிப்பதற்குள் சைதுன் பீவி பாயை விரித்துவிட்டார்.

"இதுல வச்சுக் குத்துங்க. ஊக்கு இருக்கா?"

ஊக்கு! தாலிக்கயிற்றில் ஊக்கு மாட்டாத பெண் நம் ஊரில் உண்டா? அழகுத்தாய் முந்தானைக்குள் கையை விட்டாள். ராமலட்சுமி எடுத்தாள். பின் சீட்டுக்காரி வளையலிலிருந்து கொத்தாகக் கழற்றினாள். கோழிக்கூடையோடு வந்த கிழவி, "எனக்கு ரெண்டத் திருப்பிக் குடுத்துரணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு இதழ் நுனியிலும் ஒரு ஊக்கு. அருஞ்சுனை குத்தக் குத்த, குறுகிக் கிடந்த பூக்கள் கண் திறந்தன.

பாயை ஜன்னல் ஓரமாகத் தூக்கி நிறுத்தி ஒரு பக்கம் அழகுத்தாயும் மறுபக்கம் சைதுன் பீவியும் பிடித்துக்கொண்டார்கள். கரிசல் காட்டின் அனல் காற்று அடித்தது பாருங்கள்! வேறு நாளாக இருந்தால் அந்தக் காற்றைச் சபித்திருப்பார்கள். இன்றைக்கு, "இன்னும் அடிக்கட்டும், இன்னும் அடிக்கட்டும்!" என்று பஸ்ஸில் பாதிப் பேர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கண்டக்டர் வந்தார். "என்னம்மா இது, பஸ்ஸா, கொடிக்கயிறா?"

"டிக்கெட் வாங்கித்தானே காயுது? போங்க தம்பி அங்கிட்டு!" என்றாள் கோழிக்கூடைக் கிழவி.

கண்டக்டர் டிரைவரிடம் என்ன சொன்னாரோ, பஸ் கொஞ்சம் வேகமெடுத்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அருஞ்சுனையும் சிரித்தாள். காலையில் அழுத கண்ணோடு அவள் சிரித்தது அழகாக இருந்தது.

திருச்சுழி வந்தபோது ஸ்கார்ஃப் சுக்காகக் காய்ந்திருந்தது. ஊக்குகளைக் கழற்றி எடுத்ததும் அது காற்றில் எழும்பி, அழகுத்தாயின் முகத்தில் வந்து படிந்தது. "அடி ஆத்தீ!" என்றாள் அவள். முன்னைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆனாலும் உற்றுப் பார்த்தால் மதினியின் பூக்கள் ஒரு பொட்டளவு சின்னவைதான்.

பொருட்காட்சிப் பந்தலில் வயர் கூடைகள், பாசிமணிக் கிளிகள், ரோஜாப்பூ போட்ட தலையணை உறைகள். நடுவராக வந்திருந்த ஞானசௌந்தரி டீச்சர் ஒல்லியானவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்லதையும் சொல்லவில்லை, கெட்டதையும் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸில் வந்த சங்கரபாண்டியன் வெற்றிலை பாக்கு வைத்த மஞ்சள் பையோடு பந்தல் கால் பக்கத்தில் நின்றார்.

டீச்சர் ஸ்கார்ஃபை எடுத்தார். எடுத்ததும் கையைத் தாழ்த்தி, மறுபடி உயர்த்திப் பார்த்தார். கையில் ஏதாவது இருக்கிறதா என்று சந்தேகம் வந்தவர்போல. இரண்டு கையிலும் அள்ளி மேலே விட்டார். அது உடனே விழவில்லை. மெல்ல, ஆடி ஆடி, இறங்கி வந்தது. பந்தலில் அத்தனை பேரும் ஆ என்றார்கள்.

"இந்த வெயில் ஊர்ல இப்படி ஒண்ணா!" என்றார் டீச்சர். முதல் தடவையாகச் சிரித்தார். "பாத்த உடனே மொதப் பரிசு இதுக்குத்தான்னு…" என்று சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு பூவைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"இது ஒரே கையா?"

அருஞ்சுனை மதினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரே கைதான் டீச்சர்," என்றாள் ராமலட்சுமி முன்னால் வந்து. "தளர்வா இருக்கிறது சந்தோசமா இருக்கும்போது போட்டது. இறுக்கமா இருக்கிறது அவுகப்பா திட்டின அன்னைக்குப் போட்டது. அவுக அடிக்கடி திட்டுவாக."

பந்தலே சிரித்தது. சங்கரபாண்டியன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. அருஞ்சுனையைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

ஆமா என்று ஒரு சொல் போதும். மதுரை கிடைத்துவிடும். அப்பாவே பஸ் ஏற்றிவிடுவார். அருஞ்சுனை வாயைத் திறந்தாள். காய்ச்சலில் கிடந்த தன் கட்டிலுக்குப் பக்கத்தில் விசிறிக்கொண்டும் விசிறியைக் கீழே வைத்தபோதெல்லாம் ஊசியை எடுத்துக்கொண்டும் மதினி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்துவிட்டது. அந்தப் பூக்களைத் தன் பேரில் எழுதிக்கொண்டு போக அவளுக்கு மனசு வரவில்லை.

"இல்ல டீச்சர். பாதி எங்க மதினி போட்டது. நான் காய்ச்சல்ல கிடந்தேன்."

"அடிப் பாவி!" என்றாள் ராமலட்சுமி.

டீச்சர் ஸ்கார்ஃபை மடித்துக் கீழே வைத்தார். "அப்ப இதுக்குப் பரிசு கொடுக்க முடியாது. விதி விதிதான்."

சங்கரபாண்டியன் வந்துவிட்டார். "சரி, கிளம்புங்க."

"நீங்க இருங்க ஐயா," என்றார் டீச்சர். "பரிசு இல்லேன்னுதான் சொன்னேன். இடம் இல்லேன்னு சொல்லலியே." கைப்பையிலிருந்து இரண்டு ஊசியும் ஒரு நூல் உருண்டையும் எடுத்தார். "ரெண்டு பேரும் உக்காருங்க. ஆளுக்கு ஒரு பூ போடுங்க, பாப்போம்."

இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஆறு சங்கிலி, ஒரு வளையம், அதைச் சுற்றி இதழ்கள். அருஞ்சுனை முதல் வளையத்தை முடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பந்தலும் தெரியவில்லை, பரளச்சியும் தெரியவில்லை. ராமலட்சுமி உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக அழுத்திப் போட்டாள். வீட்டில் மகள் எந்நேரமும் நூலோடு கிடப்பதைத் திட்டியிருக்கிறாரே தவிர, பக்கத்தில் நின்று பார்த்தவரில்லை சங்கரபாண்டியன். இன்றைக்குப் பார்த்தார். ஒன்றுமே இல்லாத இடத்தில் இதழ் இதழாகப் பூ வருவதைக் குனிந்து பார்த்தார்.

டீச்சர் இரண்டு பூக்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இவ பூ காத்துல மிதக்கும். இவ பூ எத்தனை தடவ துவைச்சாலும் அசையாது. எனக்கு ரெண்டு கையுமே வேணும். ரெண்டு இடம் இருக்கு. பேரு இன்னைக்கே எழுதணும்."

முதல் பரிசு பாசிமணிக் கிளிக்குப் போயிற்று. அதை யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சங்கரபாண்டியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்னது மொதப் பரிசு," என்றார் அவர், மனைவியிடம். குரலில் பழைய பலம் இல்லை. ஆனாலும் சொன்னார். "பரிசு இல்லைல்ல?"

"இந்தாங்க, ராத்திரி நான் கஞ்சிய ஊத்தாம இருந்தா இந்த வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. பரிசு போனது என்னாலதான்!" அழகுத்தாய் தேம்பினாள்.

"இல்ல மாமா. என் கையாலதான் போச்சு."

பேசியது ராமலட்சுமி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனார் முகத்துக்கு நேரே அவள் ஒரு சொல் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொல்வாள், அத்தை மாமாவிடம் சொல்வாள். அவரும் அப்படியே, "அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு" என்பார். அந்த வீட்டு வழக்கம் அது. இன்றைக்கு அத்தனை பேருக்கு நடுவே தலையை நிமிர்த்தி நேராக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அவ மட்டும் போட்டிருந்தா பரிசு அவளுக்குத்தான் மாமா. நான் தொட்டதாலதான் போச்சு. அவ ஒரு பொய் சொல்லியிருந்தா வாங்கியிருப்பா, சொல்லல. அவள அனுப்புங்க."

மருமகளின் குரல் சங்கரபாண்டியனுக்கே புதிதாக இருந்தது. பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பிறகு, "அருஞ்சுனை போகட்டும்," என்றார். "பரளச்சிக்காரவுகளுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்."

அருஞ்சுனை கத்தினாள்! பந்தல் என்று பார்க்கவில்லை, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள். அழகுத்தாய் அழுதுகொண்டே சிரித்தாள்.

"இன்னொரு பேரு?" என்றார் டீச்சர், பேனாவோடு.

அழகுத்தாய் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது… எம் மகன் காளிராஜ் வந்துல்ல சொல்லணும்," என்றார் சங்கரபாண்டியன் அழகுத்தாயைப் பார்த்து. "லாரியில தூத்துக்குடி போயிருக்கான்."

ராமலட்சுமி மறுபடி தலை குனிந்தாள். ஆனால் கையிலிருந்த ஊசியை டீச்சரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. அதை இறுகப் பிடித்திருந்தாள். சங்கரபாண்டியன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கமிருந்து முகத்தைத் திருப்பி, மருமகளிடமே கேட்டார்.

"நீ என்னம்மா சொல்றே?"

"போறேன் மாமா."

யோசிக்கவே இல்லை அவள். எத்தனை நாளாக அந்தச் சொல்லை வாய்க்குள் வைத்திருந்தாளோ!

"எழுதிக்கங்க டீச்சர்," என்றார் சங்கரபாண்டியன். "எம் மகன்ட்ட நான் பேசிக்கிறேன்."

டீச்சர் எழுதினார். காளிராஜின் கோபம் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. ராமலட்சுமிக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.